எதிர்ப்பக்கம் சுற்றிய டேப்

என் ஓரகத்தி கடைக்குள் வந்தபோது நான் ஒரு காரின் ஹாரனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக மூலைக்குப் போய், அங்கே கிடந்த தார்ப்பாயை ஒரே இழுப்பில் இழுத்தாள். நாலு மாதத் தூசி எழுந்து எங்கள் இரண்டு பேர் தலையிலும் இறங்கியது.

"இதை ஓட வைங்க அக்கா."

தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது என் கொழுந்தனின் பழைய பைக். மூடிப்போன ஒரு மில்லின் கிடங்கிலிருந்து, எலும்புக்கூடாக அவன் தூக்கி வந்தது. நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு வருஷம் உழைத்து அதற்கு உயிர் கொடுத்தோம். உயிர் வந்த பத்தொன்பதாம் நாள் அதன் மேல் உட்கார்ந்தபடியே அவன் போய்ச் சேர்ந்தான்.

"யார் ஓட்டப் போறா?" என்றேன்.

"என் தம்பி. தினம் பஸ்ஸுக்கு நின்னு நின்னு காலே தேஞ்சு போச்சு அவனுக்கு. ஒண்ணு இது ஓடணும், இல்லேன்னா உடைச்சு எடைக்குப் போட்டுடணும். இப்படி மூலையில போர்த்திப் படுத்துக் கிடக்கிறதை என்னால பார்க்க முடியல."

"எஞ்சினை உங்க மாமா பார்த்துடுவாரு. ஒயரிங்குக்கு மட்டும் வேற யாராவது..."

"வேற யாரு?" அவள் குரல் சட்டென்று உயர்ந்தது. "எங்க அண்ணி கை வைக்காத ஒயர் என் வண்டியில ஓடக் கூடாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச மனுஷன் அவரு. இன்னொருத்தன் கையில கொடுக்க எனக்கு மனசு வரல."

பட்டறை மேசையில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். அவர் திரும்பவில்லை. கையிலிருந்த ஸ்பேனர் மட்டும் நின்றது. பிறகு மறுபடி சுழன்றது.

"சரி" என்றேன்.

எங்கள் கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். எஞ்சின் அவர் பாடு, ஒயர் என் பாடு. பக்கத்துத் தெருக்காரர்கள் என்னை 'கரன்ட் அக்கா' என்பார்கள். கொழுந்தன் மட்டும் 'நொட்டாங்கை அண்ணி' என்பான். எனக்கு எல்லாம் இடது கை.

விபத்து நடந்தது சாயங்காலம், வெளிச்சம் மங்குகிற நேரம். சிக்னலில் பிரேக் பிடித்திருக்கிறான். பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. "அவர் பிரேக் பிடிச்சதே தெரியலீங்க. சிவப்பு லைட் எரியவே இல்ல" என்றான் டிரைவர், ஸ்டேஷனில். தப்பிப்பதற்காகச் சொல்கிறான் என்றார்கள் எல்லோரும். வண்டியைச் சோதித்த இன்ஸ்பெக்டர், 'பின்விளக்கு நொறுங்கியுள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு சரி. நொறுங்கிய விளக்கு அதற்கு முந்திய நொடியில் எரிந்ததா, இல்லையா? அதை எழுத அவர் தாளில் இடமில்லை.

எரிந்ததா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். தலைவிளக்கிலிருந்து பின்விளக்கு வரை ஒவ்வொரு ஒயரும் நான் வெட்டியது, நான் பற்றவைத்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். லாரிக்காரன் சொன்னது பொய்யா, இல்லை என் வேலை பொய்யா?

நாலு மாதமாக அந்தத் தார்ப்பாயின் ஓரத்தைக்கூட நான் தொடவில்லை.

நான் அழவும் இல்லை. துக்க வீட்டில் பதினாறு நாள் ஓரகத்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் சுவரில் தொங்கிய சுவிட்ச் போர்டில் ஒரு திருகாணி குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'கல்நெஞ்சுக்காரி' என்று யாரோ யார் காதிலோ சொன்னது எனக்கும் கேட்டது. இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யார் கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, எனக்கு ஆள் முழுக்க அப்படித்தான் இருந்தது. சமையலில் உப்பு போட்டேனா இல்லையா என்று நாக்குக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரரும் சொல்லவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார்.

உன் தப்பா என்று அவர் கேட்கவில்லை. உன் தப்பில்லை என்றும் சொல்லவில்லை. நாலு மாதமாக எங்களுக்குள் ஓடிய பேச்சு, 'அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனர் எங்கே' என்கிற அளவுதான்.

மறுநாள் காலையில் வேலையை ஆரம்பித்தேன்.

இந்த மாதிரிக் கிழட்டு வண்டிக்கு ஒயரிங் கட்டு கடையில் கிடைக்காது. நாமே நெய்ய வேண்டும். அதற்கு என்னிடம் ஒரு பிளைவுட் பலகை இருக்கிறது. வண்டியின் நீளத்துக்குப் பலகையில் கோடு போட்டு, ஒயர் திரும்புகிற இடத்திலெல்லாம் ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி ஒயரை இழுத்து, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் துணி டேப் சுற்ற வேண்டும். பழைய கட்டைப் பலகையில் விரித்துப் போட்டேன். நொறுங்கிய விளக்கை விட்டுப் பிய்ந்த பின்பக்கம் கோழிக்கால் மாதிரி விரிந்து கிடந்தது. நடுப்பகுதி நன்றாகவே இருந்தது.

டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தேன். நான் சுற்றுவது எப்போதும் பின்னாலிருந்து முன்னால், ஒரே டேப், நடுவில் வெட்டே கிடையாது. அதனால் முன்னாலிருந்து பிரித்துக்கொண்டே வந்தேன். கை தானாகப் போனது. மனசுக்கு அங்கே வேலையில்லை.

சீட்டுக்கு அடியில் வருகிற இடத்தில் டேப் அறுந்து, வேறு டேப் ஆரம்பித்தது.

நான் வெட்ட மாட்டேனே என்று நினைத்துக்கொண்டே அதன் நுனியை உரித்து, வழக்கமான பக்கம் சுழற்றினேன். பிரியவில்லை. இன்னும் இறுகியது. மறுபடி சுழற்றினேன். மறுபடி இறுகியது.

கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன்.

நான் இடக்கைக்காரி. என் சுற்று ஒரு பக்கமாகத்தான் போகும். ஒரு சாண் நீளத்துக்கு மட்டும், சீட்டுக்கு அடியில், டேப் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. வலக்கை சுற்றிய சுற்று. அதுவும் என் இழுப்பறையில் இருக்கிற அதே துணி டேப். இந்தக் கடையில் வலக்கைக்காரர் ஒருவர்தான்.

மெதுவாக எதிர்ப்பக்கம் பிரித்தேன். உள்ளே பிரேக் விளக்குக்குப் போகும் பச்சை ஒயர் வெட்டுப்பட்டு, நடுவில் இரண்டு விரல் நீளத்துக்குப் புதுத் துண்டு பற்றவைக்கப்பட்டிருந்தது. ஈயம் குண்டு குண்டாக, கோலிக்குண்டு மாதிரி நின்றது. எஞ்சின்காரர் வேலை. என் ஈயம் ஒயரோடு ஒட்டிப் படுத்திருக்கும்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது கொழுந்தன் நச்சரித்ததுதான். "அண்ணே, செல்போன் சார்ஜ் போட ஒரு பாயின்ட் எடுத்துக் கொடு. நொட்டாங்கை அண்ணிகிட்ட கேட்டா ஆறு வோல்ட் வண்டியில போனுக்கு என்னடா வேலைன்னு அடிக்க வர்றாங்க."

ஆக, எனக்குத் தெரியாமல் அவர் வெட்டியிருக்கிறார். பாயின்ட் எடுத்துப் பார்த்திருக்கிறார், சரிவரவில்லை, மறுபடி ஒட்டியிருக்கிறார். அந்த ஒட்டுதான் விட்டுப்போயிருக்கிறது. தெரிந்தும் நாலு மாதம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உப்பில்லாத சோற்றைத் தின்றிருக்கிறார்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்தது ஒரு நிம்மதி. சின்னதாக, வெட்கம் கெட்டதாக. நான் இல்லை, நான் இல்லை என்று பலகையில் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடும்போது அவருடைய வலது கையைப் பார்த்தேன். சோற்றைப் பிசைகிற கை, டம்ளரைத் தூக்குகிற கை. நீயா, நீயா என்று அந்தக் கையைக் கேட்டேன். அது அதுபாட்டுக்கு மோர் ஊற்றிக்கொண்டது.

மூன்றாம் நாள் பக்கத்துக் கடை பெயின்டர் டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாய்க்குப் பூட்டு போடாத மனிதர்.

"பாருங்கக்கா, கண்ணாடியே வேண்டாம், இதுல பார்த்தே தலை சீவிக்கலாம். எங்க உங்க வீட்டுக்காரர்?"

"பேரிங் வாங்கப் போயிருக்காரு."

"அவரு இருந்தா மட்டும் என்ன, வாயில பஞ்சை வச்சு அடைச்ச மாதிரி இருப்பாரு. வரவர உங்க கடைக்கு வர்றதுக்குப் பதிலா நான் கல்லறைக்கே போகலாம் போல இருக்கு." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. இந்தச் சனியன் எப்பவும் என்னை முந்திக்கும்."

"பரவாயில்ல."

பேச்சை மாற்றுவதாக நினைத்து அவர் பலகையைப் பார்த்தார். "ஒயரிங்கை மறுபடியும் பிரிச்சுட்டீங்களா? அன்னைக்கே உங்க வீட்டுக்காரர் பிரிச்சு முடிச்சாருன்னு நினைச்சேனே."

"என்னைக்கு?"

"வண்டி ஸ்டேஷன்லேருந்து வந்த அன்னைக்கு. நீங்க துக்க வீட்டுல இருந்தீங்க. மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உள்ள உட்கார்ந்து ஒயரைப் பிரிச்சுட்டு இருந்தாரு. நான் குனிஞ்சு, என்னண்ணே கரன்ட் அக்கா வேலையைக் கையில எடுத்துட்டீங்களான்னு கேட்டேன். போடான்னாரு. அவரு வாயிலேருந்து வந்த கடைசி வார்த்தை அதுதான்னு நினைக்கிறேன்."

பெயின்டர் போய்விட்டார். நான் டேங்கில் தெரிந்த என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வண்டி ஸ்டேஷனிலிருந்து வந்த அன்று. அதாவது விபத்துக்குப் பிறகு.

அவர் பேரிங்கோடு திரும்பி வந்ததும் நான் பலகை முன்னால் நின்றபடியே கூப்பிட்டேன்.

"ஏங்க. இந்த இடத்தைப் பிரிச்சது நீங்கதானே?"

அவர் வந்து பார்த்தார். மறுக்கவில்லை. கையை வேஸ்ட் துணியில் விரல் விரலாகத் துடைத்தார்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"டேப் எதிர்ப்பக்கம் சுத்தியிருக்கு."

"அட." அவர் குனிந்து உற்றுப் பார்த்தார். "உன் டேப்பைத்தான் எடுத்தேன். ஒயர்கூட அதே பச்சையாத் தேடி எடுத்தேன். இதை யோசிக்கவே இல்ல."

"உள்ள என்ன இருந்துச்சு?"

அவர் பட்டறை மேசைக்குப் போய், கருவிப் பெட்டியின் அடித்தட்டைத் தூக்கி, ஸ்பார்க் பிளக் வருகிற ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்து வந்தார். என் உள்ளங்கையில் கவிழ்த்தார்.

இரண்டு விரல் நீளப் பச்சை ஒயர். நடுவில் ஒரு ஒட்டு. ஈயம் ஒயரோடு படுத்திருந்தது, என் ஈயம்தான். ஆனால் பளபளப்பு இல்லை. சாம்பல் பூத்து, மணல் மாதிரி இருந்தது. சூடு போதாமல் வைத்த ஈயம் இப்படித்தான் இருக்கும். இரண்டு நுனியையும் பிடித்து லேசாக அசைத்தேன். உள்ளே ஒயர் ஈயத்துக்குள் ஆடியது. ஆடுகிற பல் மாதிரி.

"டெஸ்ட் லாம்பு போட்டுப் பார்த்தேன்" என்றார் அவர். "எரிஞ்சுது. அப்பாடான்னு தரையிலயே உட்கார்ந்துட்டேன். லாரிக்காரன் பொய்தான் சொல்லியிருக்கான்னு. அப்புறம் உன் பழக்கம் ஞாபகம் வந்துச்சு. உலுக்கினேன்."

"அணைஞ்சுதா?"

"அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுது."

பிரேக் விளக்கைத் தனி ஆளாகச் சோதிக்க முடியாது. ஒருவர் வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும், இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். எங்கள் கடையில் அதோடு விடமாட்டேன். மிதித்தபடியே இருக்கச் சொல்லி, ஒயர் கட்டைத் தலையிலிருந்து வால் வரை பிடித்து உலுக்குவேன். நிற்கிற வண்டியில் எரிகிற விளக்கெல்லாம் ஓடுகிற வண்டியில் எரியும் என்று சொல்ல முடியாது. வேறு கடைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்பேன்.

அன்று நான் உலுக்கவில்லை.

வண்டிக்கு உயிர் வந்த நாள் அது. கரன்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. பற்றவைக்கிற இரும்பு சூடேறுவதற்குள் அடங்கிவிடும். கடைசி ஒட்டு அது. கொழுந்தன் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆடினான். "அண்ணி, வெளிச்சம் போறதுக்குள்ள ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன். ஊர்ல ஒருத்தன் விடாம பார்க்கணும். எரியுதா?" என்று பிரேக்கை மிதித்தான். "எரியுதுடா" என்றேன். "அப்புறம் என்ன, உலுக்கறதை நாளைக்கு உலுக்குங்க, என்னையும் சேர்த்து உலுக்குங்க" என்று ஒரே உதையில் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் வேறு வேலை வந்தது. அதற்கு மறுநாளும்.

"இதை ஏன் வச்சிருக்கீங்க? தூக்கிப் போட்டிருக்கலாமே."

"தம்பி கூட கடைசி வரைக்கும் வந்தது அது. போட மனசு வரல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"எதுக்கு? நீ தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதானே ஷட்டரை இறக்கிட்டு உட்கார்ந்தேன்."

"நாலு மாசமா என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசல நீங்க. என் தப்புன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்கன்னு நினைச்சேன்."

"வாயைத் திறந்தா அதுதான் வெளிய வரும் போல இருந்துச்சு. அதான் திறக்கல."

"ரெண்டு நாளா நான் உங்களைத்தான் நினைச்சேன். நீங்க வெட்டித்தான் போச்சுன்னு."

"அப்படியே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கலாம்" என்றார். கேலியாக இல்லை. நிஜமாகவே சொன்னார்.

இப்போதாவது அழுவேன் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒயர்த் துண்டை அட்டைப் பெட்டியில் போட்டு மூடினேன்.

"அவகிட்ட சொல்லணும்."

"பைத்தியமா உனக்கு? சொல்லி என்ன ஆகப்போகுது? போனவன் வரப்போறானா?"

"அவ தம்பி ஓட்டப் போறான்."

"இந்தத் தடவை நீ சரியாத்தானே பண்ணப்போற."

"போன தடவையும் சரியாத்தான் பண்ணேன்னு அவ நினைச்சுட்டு இருக்கா. அதனாலதான் என்கிட்ட கொடுத்தா."

அவர் பேரிங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பழைய கட்டில் ஒரு ஒயரைக்கூட நான் திரும்ப எடுக்கவில்லை. பலகையில் எல்லாம் புதிதாக இழுத்தேன். இரும்பு சூடேறிவிட்டதா என்று ஒவ்வொரு தடவையும் துண்டு ஈயத்தில் வைத்துப் பார்த்த பிறகே ஒட்டினேன். ஆறு நாள் ஆயிற்று. ஏழாம் நாள் ஓரகத்திக்குச் சொல்லி அனுப்பினேன்.

தனியாக வந்தாள். புதுப் பெயின்ட் அடித்த டேங்கையும் நிமிர்த்திய மட்கார்டையும் பார்த்து அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. கைப்பிடியைத் தொட்டாள். "அப்படியே இருக்குக்கா" என்றாள். என் வீட்டுக்காரர் பட்டறை மேசை ஓரமாக நின்றார். இந்தத் தடவை முதுகு காட்டவில்லை.

நான் அட்டைப் பெட்டியை அவளிடம் கொடுத்தேன். "இது பழைய ஒயர்ல இருந்த ஒட்டு. நான் வச்சது. சூடு போதாம வச்சுட்டேன். வண்டி அதிர்ந்தா விட்டுப்போகும். உலுக்கிப் பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நான் பார்க்கல. லாரிக்காரன் சொன்னது நிஜம்."

அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். அந்தச் சாம்பல் ஈயத்தை நகத்தால் சுரண்டினாள். தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ஹாரனில் மண் ஏறியிருக்கிறது என்று என் காது தானாகச் சொன்னது.

"இதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?" என்றாள் கடைசியில். "பரவாயில்லக்கான்னு நான் சொல்லணுமா?"

"வேண்டாம்."

"சொல்ல மாட்டேன்."

"சொல்லாத. உன் தம்பி ஏறப்போறான், யார் கைன்னு நீ தெரிஞ்சுக்கணும். வேற ஆள் பார்க்கட்டும்னா நானே ஒருத்தர் பேர் சொல்றேன். கொண்டுபோய்க் காட்டு."

அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மாமா, உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும்மா."

"ஆக, எனக்கு மட்டும்தான் தெரியாது."

அவள் ஒயர்த் துண்டைத் தன் கைப்பையில் போட்டு மூடினாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள். கால் சரியாக எட்டவில்லை. நுனி விரலால் பிரேக்கைத் தேடி மிதித்தாள்.

"எரியுதா?"

நான் பின்னால் போய் நின்றேன். "எரியுது."

"பார்த்துச் சொல்லுங்க."

"பார்த்துட்டுதான் சொல்றேன்."

"உலுக்குங்க."

என் வீட்டுக்காரர் வந்து தலைவிளக்குப் பக்கம் பிடித்தார். நான் சீட்டுக்கு அடியில் பிடித்தேன். உலுக்கினோம். வண்டியே ஆடியது. அவள் விழுந்துவிடாமல் டேங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"எரியுதா?"

"எரியுது."

"இன்னும்."

உலுக்கினோம். அவர் நெற்றியில் வியர்வை இறங்கியது. என் தோள் வலித்தது. அவள் 'எரியுதா' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குரல் நடுவில் உடைந்தது, ஆனால் கால் பிரேக்கை விடவில்லை. நான் ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டுச் சொன்னேன். எரியுது. எரியுது.

கை ஓய்ந்துபோய்ப் பின்விளக்கின் சிவப்பு மூடியில் உள்ளங்கையை ஊன்றினேன். சுட்டது. அவ்வளவு நேரம் விடாமல் எரிந்ததில் மூடி நன்றாகச் சூடேறியிருந்தது. நான் கையை எடுக்கவில்லை.

"எரியுதாக்கா?"

"சுடுது" என்றேன்.